குதிரைத்திறன் எண்ணை மட்டும் வைத்து அமெரிக்கக் கார்களை ஒப்பிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கார்களை ஒப்பிட்டு உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அடுத்த வாரம் அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் ஒன்றுவிடாமல் படித்தேன். ஒரு தமிழ் நாளிதழ் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினுக்காக முழுப் பக்கம் ஒதுக்கியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், தொடர்ந்து செய்யுங்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த அட்டவணைதான் என்னை எழுத உட்கார வைத்தது. 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454, 450 குதிரைத்திறன். அதற்கு நேர் கீழே 2016 ஷெவர்லே கமாரோ எஸ்எஸ், 455 குதிரைத்திறன். இதைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர், 46 வருஷத்தில் கூடியது வெறும் 5 குதிரைத்திறன்தானா என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர் அதை ஆமோதித்து, புஷ்ராட் எஞ்சினை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே உட்கார்ந்தால் எல்லாம் மலிவு பிளாஸ்டிக் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்.

முதலில் அந்த அட்டவணை. அந்த இரண்டு எண்ணும் ஒரே அளவுகோலில் அளந்தவை அல்ல. 1971 வரைக்கும் அமெரிக்கக் கம்பெனிகள் விளம்பரத்தில் போட்டது ‘கிராஸ்’ குதிரைத்திறன். எஞ்சினைக் காரிலிருந்து தனியே எடுத்து, சக்தியை அளக்கும் டைனமோமீட்டரில் ஏற்றுவார்கள். ஏர் ஃபில்டர் இருக்காது, ஆல்டர்னேட்டர் மாதிரி எஞ்சின் சக்தியைத் தின்கிற உதிரிகள் இருக்காது, காரில் வரும் சைலன்சருக்குப் பதிலாகப் புகை தடையில்லாமல் வெளியேறுகிற சோதனைக்கூடக் குழாய்கள் இருக்கும், இக்னிஷன் டைமிங்கைக்கூட அதிகபட்ச சக்தி கிடைக்கிற இடத்தில் வைத்துக்கொள்வார்கள். அப்படி வந்த எண்தான் 450. 1972 மாடல்களிலிருந்து ‘நெட்’ அளவு வந்தது, அதாவது காரில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறதோ அப்படியே எல்லா உதிரிகளோடும் சைலன்சரோடும் அளப்பது. கமாரோவின் 455 இந்த வகை.

இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதை ஜெனரல் மோட்டார்ஸே காட்டியிருக்கிறது, ஏனென்றால் 1971 மாடல்களுக்கு அவர்கள் இரண்டு எண்ணையும் சேர்த்தே வெளியிட்டார்கள். ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் அந்த வருஷம் வந்த எல்எஸ்6 454 எஞ்சினுக்கு கிராஸ் 425, நெட் 325. அதே கார்வெட்டின் எல்டி-1 350 எஞ்சினுக்கு கிராஸ் 330, நெட் 275. ஒரே எஞ்சின், ஒரே வருஷம், அளக்கிற முறை மாறியதற்கே 100 குதிரைத்திறன் காணாமல் போகிறது. அப்படியிருக்க, ஷெவெலின் 450ஐ இன்றைய முறையில் அளந்தால் கமாரோவின் 455க்குப் பக்கத்தில்கூட வராது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 454 கன அங்குலம் என்றால் 7.4 லிட்டர், கமாரோவுடையது 6.2 லிட்டர். சின்ன எஞ்சின், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்தியது, ஈயம் கலக்காத பெட்ரோலில் ஓடுவது, தினமும் வேலைக்கு ஓட்டிப் போனாலும் முரண்டு பிடிக்காதது. ஆக அந்தக் கடிதத்தில் சொன்ன 5 என்ற வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், ஏனென்றால் இதை வைத்துத்தான் பழைய கார் பிரியர்களும் புதிய கார் பிரியர்களும் ஓயாமல் மோதிக்கொள்கிறார்கள்.

இதனால் 1970களில் அமெரிக்க எஞ்சின்கள் பலவீனமானதே கட்டுக்கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பலவீனமானது நிஜம். 1970இல் வந்த தூய காற்றுச் சட்டம், ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் கம்ப்ரெஷனைக் குறைத்தது, 1973இன் எண்ணெய்த் தடை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஃபோர்டின் 1974 மஸ்டாங் II வந்த வருஷம் அதில் வி8 எஞ்சினே கிடையாது. 1975இல் அடிப்படைக் கார்வெட் 5.7 லிட்டரிலிருந்து எடுத்தது 165 குதிரைத்திறன். ஆனால் அளவுமுறை மாறியதும் எஞ்சின் தளர்ந்ததும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடந்ததால், இரண்டு வீழ்ச்சியையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால்தான் 1970இன் கார்களுக்கும் நியாயம் செய்ய முடியும், அதற்குப் பின் வந்தவற்றுக்கும் நியாயம் செய்ய முடியும்.

சரி, புஷ்ராட் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டை எஞ்சின் பிளாக்கின் நடுவில் வைத்து, நீளமான கம்பிகள் வழியாக மேலே இருக்கும் வால்வுகளைத் தள்ளித் திறப்பது புஷ்ராட் முறை. ஷெவர்லேயின் சின்ன பிளாக் வி8 1955இல் 265 கன அங்குலத்தில், அதாவது 4.3 லிட்டரில் இந்த முறையில்தான் பிறந்தது, இன்றைய 6.2 லிட்டர் வி8ம் இதே முறைதான். இதனால் பழைய சரக்கு என்று பெயர். ஆனால் வி8இல் மேலே இரட்டைக் கேம்ஷாஃப்ட் வைக்க வேண்டுமென்றால் மொத்தம் நான்கு கேம்ஷாஃப்ட் வேண்டும், அவற்றைச் சுழற்ற நீளமான சங்கிலிகள் வேண்டும், சிலிண்டர் ஹெட் பெருத்துவிடும். ஃபோர்டின் 5.0 லிட்டர் கயோட்டி எஞ்சின் கொள்ளளவில் சின்னது, ஆனால் வெளியே டேப் பிடித்து அளந்தால் ஷெவர்லேயின் 6.2 லிட்டரைவிட அகலமானது. புஷ்ராட் எஞ்சின் குட்டையாக இருப்பதால் பானெட்டைத் தாழ்வாக வைக்கலாம், எடையும் கீழே நிற்கும். ஒரு லிட்டருக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணக்குப் போடுகிறவர்கள், எஞ்சின் எத்தனை கிலோ, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஏட்டு வாதம்கூட வேண்டாம், கார்வெட்டின் வரலாறே இரண்டு பக்கத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டது. 1990இல் வந்த கார்வெட் இசட்ஆர்-1க்கு எல்டி5 என்ற எஞ்சினை லோட்டஸுடன் சேர்ந்து வடிவமைத்தார்கள்: 5.7 லிட்டர், நான்கு கேம்ஷாஃப்ட், 32 வால்வு. படகு எஞ்சின் செய்கிற மெர்க்குரி மரைன் நிறுவனம் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் அதை உருவாக்கிக் கொடுத்தது. முதலில் 375 குதிரைத்திறன், 1993இல் 405. அருமையான எஞ்சின், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் விலை அதிகம், 1995உடன் நிறுத்திவிட்டார்கள். 1997இல் அலுமினிய பிளாக்கோடு எல்எஸ்1 புஷ்ராட் வந்தது, 345 குதிரைத்திறன். கார்வெட்டின் வேகமான பதிப்பான 2002 இசட்06இல் அதே குடும்பத்து எல்எஸ்6 (1971இன் எல்எஸ்6 அல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று), 5.7 லிட்டரில் 405 குதிரைத்திறன் கொடுத்தது. அதே கொள்ளளவு, அதே 405, பாதி எண்ணிக்கை வால்வு, ஒரே ஒரு கேம்ஷாஃப்ட். 2006 இசட்06இன் 7.0 லிட்டர் எல்எஸ்7 டைட்டானியம் கனெக்டிங் ராடுகளோடு 505 குதிரைத்திறன் தந்தது, 7,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை போனது. புஷ்ராட் ஏறவே ஏறாது என்று சொல்கிறவர்கள் இந்த எஞ்சின் சத்தத்தை ஒரு தடவை நேரில் கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வால்வு தள்ளுகிற கம்பிகளுக்கும் ராக்கர்களுக்கும் எடை இருக்கிறது, அதனால் வேகமாகத் திறந்து மூடுவதில் ஓர் எல்லை வந்துவிடுகிறது. மிதமான வேகத்தில் பாதி சிலிண்டர்களை ஓய்வில் வைக்கும் வசதி சேர்ந்த பிறகு, அந்தக் கம்பிகளைத் தூக்கும் லிஃப்டர்கள் பழுதாவதாக அமெரிக்காவில் நிறையப் பேர் புகார் சொல்லியிருக்கிறார்கள், அதை மூடி மறைப்பதற்கில்லை. 8,000க்கு மேல் சுழல வேண்டும் என்று வந்தபோது ஷெவர்லேயே புஷ்ராடை ஓரமாக வைத்துவிட்டது: 2023 கார்வெட் இசட்06இன் 5.5 லிட்டர் எல்டி6, இரட்டை ஓவர்ஹெட் கேம், ஃபிளாட்-பிளேன் கிராங்க் (வேகமாகச் சுழல ஏற்ற கிராங்க் வடிவம்), 8,400 ஆர்.பி.எம்.இல் 670 குதிரைத்திறன், டர்போ கிடையாது, சூப்பர்சார்ஜர் கிடையாது.

ஒப்பீடு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது, ஏனென்றால் ஒரே காரில் இரண்டு வகை எஞ்சினும் கிடைக்கிறது. சாதாரணக் கார்வெட்டின் 6.2 லிட்டர் புஷ்ராட் எல்டி2, பெர்ஃபார்மன்ஸ் எக்ஸாஸ்ட் பொருத்தினால், 495 குதிரைத்திறன், 5,150 ஆர்.பி.எம்.இல் 470 பவுண்டு-அடி டார்க், அதாவது சுழற்றும் விசை. இசட்06இன் எல்டி6 அதைவிட 175 குதிரைத்திறன் அதிகம், ஆனால் டார்க் 460தான், அதுவும் 6,300 ஆர்.பி.எம்.இல்தான் வருகிறது. இது எப்படி என்று பலருக்குக் குழப்பம். குதிரைத்திறன் என்பது டார்க்கை ஆர்.பி.எம்.ஆல் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். அதே டார்க்கை இன்னும் வேகமாகச் சுழலும்போதும் விடாமல் கொடுத்தால் குதிரைத்திறன் ஏறுகிறது. அதனால் நகரத்துக்குள், நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்டும்போது, கியரைக் குறைக்காமல் மிதித்தவுடன் கிடைக்கிற இழுவையில் சாதாரணக் கார்வெட் கொஞ்சமும் சளைத்ததல்ல. பந்தயத் தடத்தில் ஊசியை உச்சியிலேயே வைத்து ஓட்டுகிறவருக்கு இசட்06 வேறு உலகம். எது சிறந்தது என்பதைவிட எந்த ஆர்.பி.எம்.இல் நீங்கள் வாழப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. எனக்கு 6.2 போதும் என்பேன், தயங்காமல்.

உங்கள் கட்டுரை மஸ்டாங், கமாரோ, டாட்ஜின் சேலஞ்சர் மூன்றையும் ஒரே வகைக் காராக வைத்துப் பேசியது. மூன்றும் ஒரே ஆளுக்காகச் செய்தவை அல்ல. 2018 மஸ்டாங் ஜிடி 460 குதிரைத்திறன், 420 பவுண்டு-அடி. கமாரோ எஸ்எஸ் 455க்கு 455. சேலஞ்சர் ஸ்கேட் பேக் 6.4 லிட்டர் ஹெமி எஞ்சினில் 485க்கு 475. எண்ணை மட்டும் பார்த்தால் சேலஞ்சர் முதலிடம். ஆனால் மற்ற இரண்டும் சுமார் 3,700 பவுண்டு, சேலஞ்சர் 4,200ஐத் தாண்டுகிறது. அந்த ஐந்நூறு பவுண்டு ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் தெரியும். கமாரோ 2016இலிருந்து காடிலாக்கின் சின்ன செடான்களுக்காக உருவாக்கிய ஆல்ஃபா தளத்தில் வந்தது, ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்றிலும் ஸ்டீயரிங் துல்லியமாக இருப்பது அதுதான். அதன் கடும் பதிப்பான இசட்எல்1 1எல்இ 2017இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை 7 நிமிடம் 16.04 விநாடியில் சுற்றியது. அமெரிக்கக் கார் நேராக மட்டும்தான் ஓடும் என்ற பேச்சு அன்றோடு நின்றிருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கமாரோவுக்குள் ஏறி உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல்கள் ஒரு கை அகலம்தான், தோளுக்கு மேலே வருகிற கதவு, பின்பக்கம் திரும்பினால் தூணைத் தவிர ஒன்றும் தெரியாது. டிக்கி 9.1 கன அடி, அதன் வாய் இன்னும் சின்னது. பின் சீட்டில் பெரியவர் யாரும் உட்கார முடியாது. மஸ்டாங்குக்கு டிக்கி 13.5, சேலஞ்சருக்கு 16.2. சேலஞ்சரின் இரண்டு அச்சுக்கும் இடையே 116 அங்குலம், கமாரோவுக்கு 110.7, மஸ்டாங்குக்கு 107.1, சேலஞ்சரின் அந்தக் கூடுதல் நீளம் பின்னால் உட்காருகிறவரின் காலுக்கு உதவுகிறது. மூன்றில் ஐந்து பேருக்கு சீட் இருப்பதும் சேலஞ்சரில் மட்டும்தான். ஓட்டுவதில் முதலிடத்தில் இருந்த கார் உள்ளே வாழ்வதில் கடைசி இடம், நேர் எதிராகச் சேலஞ்சர். குதிரைத்திறன் பட்டியலில் இது எங்கே தெரியும்? வாங்கியவர்கள் தினமும் அனுபவித்தது இதைத்தான்.

மலிவு பிளாஸ்டிக் என்ற புகாரை நான் மறுக்க மாட்டேன், காலத்தை மட்டும் சரியாகச் சொல்லுங்கள் என்கிறேன். 1990களிலும் 2000களிலும் டெட்ராய்ட் கம்பெனிகள் ஒரே சுவிட்சையும் ஒரே ரேடியோவையும் மலிவு செடானிலும் விலை உயர்ந்த காரிலும் பொருத்தின. 2005 முதல் 2013 வரையான கார்வெட்டில் எஞ்சினுக்கு இருந்த மரியாதை சீட்டுக்கு இருக்கவில்லை, வளைவில் உடம்பைப் பிடித்து நிறுத்தாத சீட்டுகள். 2014 மாடலில் இதை உண்மையாகவே திருத்தினார்கள், டேஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். எஞ்சின் நடுவுக்குப் போன 2020 கார்வெட்டில் ஓட்டுநருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஏ.சி. பட்டன்களை நீளமாக ஒரு சுவர் மாதிரி அடுக்கினார்கள், பிடித்தவர்களும் உண்டு, வெறுத்தவர்களும் உண்டு, 2026 மாடலில் அதை எடுத்துவிட்டார்கள். கமாரோவில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு யோசனை: நடுவில் இருக்கிற ஏ.சி. காற்றுத் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையத்தையே திருகினால் வெப்பநிலை மாறும். தனிக் குமிழ் வேண்டாம், சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். இவ்வளவு நல்ல யோசனை வந்த அதே நாட்டில், 2024 மஸ்டாங்கில் 12.4 அங்குலத் திரை ஒன்று, 13.2 அங்குலத் திரை ஒன்று வைத்து ஏ.சி.யைத் திரைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பார்க்கப் பளபளப்பு, 1987–93 மஸ்டாங்கின் பழைய மீட்டர்களைத் திரையில் வரவைக்கலாம் என்பது ரசிகர்களுக்கு இனிப்பான விஷயம், ஆனால் ஓடுகிற காரில் விரலால் தடவித் தேடுவது எனக்கு ஒத்துவரவில்லை. பிளாஸ்டிக் மென்மையா கடினமா என்பதைவிட, குளிரில் கையுறை போட்டுக்கொண்டு அந்த பட்டனை இயக்க முடிகிறதா என்று கேட்பதுதான் மிச்சிகனில் குடியிருக்கும் எனக்கு முக்கியம்.

அப்புறம் 0–60. உங்கள் அட்டவணையில் அமெரிக்கக் கார்களின் 0–60 மைல் நேரத்தையும் ஐரோப்பியக் கார்களின் 0–100 கிலோமீட்டர் நேரத்தையும் ஒரே பத்தியில் போட்டிருந்தீர்கள். 60 மைல் என்றால் 97 கிலோமீட்டர்தான், மிச்ச 3 கிலோமீட்டருக்கும் நேரம் ஆகும். அதைவிட முக்கியமானது, அமெரிக்கப் பத்திரிகைகள் டிராக் ரேஸ் வழக்கப்படி முதல் ஒரு அடி தூரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, கார் அந்த அடியைக் கடந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இதில் கால் விநாடி போலக் குறைந்துவிடும். டெஸ்லா மாடல் எஸ் பிளேய்டின் 1.99 விநாடியும் அந்த முதல் அடியைக் கழித்துச் சொன்னதுதான், கம்பெனியே அதைக் குறிப்பிட்டிருக்கிறது. மூன்று விநாடிக்குள் நடக்கிற விஷயத்தில் கால் விநாடி என்பது பெரிய தொகை.

2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமனையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 840 குதிரைத்திறன் என்று எல்லோரும் சொல்கிறோம், அது 100 ஆக்டேன் பந்தய எரிபொருளும் அதற்கான தனிக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால். சாதாரண பங்க் பெட்ரோலில் 808. கால் மைலை 9.65 விநாடியில் முடித்தது பிசின் தடவித் தயார்ப்படுத்திய தடத்தில். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, டாட்ஜ் இதை வெளிப்படையாகவே சொன்னது, அந்தக் காரை ஒரே ஒரு வேலைக்காகத்தான் செய்தார்கள். எடையைக் குறைப்பதற்காக ஓட்டுநர் சீட்டை மட்டும் வைத்து விற்றார்கள், முன்பக்கப் பயணி சீட்டு வேண்டுமென்றால் 1 டாலர், பின் சீட்டு வேண்டுமென்றால் இன்னொரு 1 டாலர். இப்படிப்பட்ட காரை, 668 குதிரைத்திறனோடு நான்கு பேர் சொகுசாகப் போகக்கூடிய, ஆறு கியர் மேனுவலும் கிடைக்கிற காடிலாக் சிடி5-வி பிளாக்விங்குடன் எண்ணை வைத்து மட்டும் வரிசைப்படுத்தினால் இரண்டு கார்களுக்குமே அநியாயம். சொல்லப்போனால் இன்று அமெரிக்கா செய்கிற கார்களில் எஞ்சின், உள்ளமைப்பு, ஓட்டம் மூன்றும் ஒரே இடத்தில் கூடி வந்திருப்பது அந்தக் காடிலாக்கில்தான் என்பது என் கருத்து. உங்கள் கட்டுரையில் அதன் பெயரே இல்லை.

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களும் புதிய கார்களும் ஊர்வலம் போல வரும், 1995இலிருந்து நடக்கிறது. அங்கே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறவர்களிடம் நான் கவனித்தது, விவரம் தெரிந்தவர்கள் குதிரைத்திறனை முதலில் கேட்பதில்லை. பின் ஆக்ஸில் கியர் விகிதம் என்ன, டயர் என்ன, எடை என்ன, எத்தனை ஆர்.பி.எம்.இல் டார்க் வருகிறது என்றுதான் கேட்கிறார்கள். இப்போது கமாரோவும் சேலஞ்சரும் 2023 டிசம்பரில் உற்பத்தி நின்றுபோன கார்கள், டாட்ஜ் சார்ஜர் மின்சாரத்திலும் ஆறு சிலிண்டர் டர்போவிலும் வருகிறது. மின்சாரப் பதிப்பு சுமார் 5,800 பவுண்டு எடை. இனிமேல் குதிரைத்திறன் என்ற ஒரே எண் இன்னும் குறைவாகத்தான் சொல்லும், ஏனென்றால் மின் மோட்டாரில் ஆயிரம் குதிரைத்திறன் எடுப்பது பெரிய விஷயமாக இல்லாமல் போய்விட்டது.

அதனால் அடுத்த முறை ஒப்பீடு போடும்போது நான் கேட்பது இவ்வளவுதான். குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் அது கிராஸா நெட்டா என்று போடுங்கள், டார்க்கையும் அது எந்த ஆர்.பி.எம்.இல் வருகிறது என்பதையும் போடுங்கள், காரின் எடையைக் கட்டாயம் போடுங்கள், 0–60 நேரத்தில் முதல் அடி சேர்ந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை சேருங்கள். உள்ளமைப்புக்கு ‘நன்று’, ‘சுமார்’ என்று மார்க் போடுவதற்குப் பதிலாக, பின் சீட்டில் ஆறடி உயரக்காரர் ஒருவரை உட்காரவைத்து, ஓட்டுநர் சீட்டிலிருந்து பின்னால் என்ன தெரிகிறது என்று பார்த்து, அதை அப்படியே எழுதுங்கள். இடம் போதவில்லையென்றால் ஒரு காரைக் குறைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை, ஆனால் அந்த பிளாக்விங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
மிச்சிகன்